வீட்டுக்குள் வந்த வெள்ளம்

மனுஷன் குகைக்குள் பயந்து கிடந்த காலம் தொட்டு, குழாயைத் திருகி முகம் கழுவப் படித்த காலம் வரைக்கும் எப்படியெல்லாம் முன்னேறினான் என்று ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் ரெண்டு பாகமாக எழுதி வைத்திருக்கிறார். முதல் பாகம் மட்டும் நானூற்றுச் சொச்சம் பக்கம். அதைத் தமிழில் ஆக்குகிற வேலை அருமனை ஷைஜாவுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். வடசேரியில் பதிப்பகம் நடத்துகிற வைகுண்டராஜன் வாசலில் எட்டு மாசம் ஏறி இறங்கி, மாதிரிக்கு மூணு அத்தியாயம் சும்மா செய்து கொடுத்து வாங்கின வேலை அது.

ஷைஜாவுக்கு முப்பத்தாறு வயசு. ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் டிபார்ட்மெண்டில் ஒன்பது வருஷமாக கெஸ்ட் லெக்சரர். கெஸ்ட் என்றால் விருந்தாளி. ஒன்பது வருஷம் ஒருத்தி விருந்தாளியாகவே இருந்தால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் புது விண்ணப்பம், புது போட்டோ. ஸ்டாஃப் ரூமில் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. யார் லீவோ அவர் நாற்காலி. ஆண்டு மலரில் ஆசிரியர்கள் பெயரெல்லாம் போட்டு, கடைசியில் 'மற்றும் பலர்' என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தைக்குள்தான் அவள் இருந்தாள்.

அது அவளை அரித்துத் தின்றது. ஒரு புத்தக அட்டையில் 'தமிழில்: ஷைஜா' என்று வந்துவிடணும். ஒரு பாகத்தோடு நின்றுவிட்டால் யாரோ பாவம் பார்த்துக் கொடுத்தது என்பார்கள். ரெண்டு பாகமும் வந்துவிட்டால் ஆள் மொழிபெயர்ப்பாளர். பிறகு எவனும் மற்றும் பலர் என்று சொல்ல முடியாது. ரெண்டாம் பாகம் கிடைக்கணும், அவ்வளவுதான். அவளுக்கு அந்த வருஷம் பூரா வேறு ஜெபமே இல்லை.

வேலை கைக்கு வந்த மறுவாரம், களியக்காவிளை ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு ஒடிந்தது. பிளேட் வைத்துக் கட்டியும் பத்து வரி எழுதினால் கை வீங்கியது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். பேசிப் பார்த்தாள். அந்தப் போனுக்கு மற்ற ஊர்த் தமிழெல்லாம் தெரியும் போல. நம்ம பக்கத்துத் தமிழ் ராகம் போட்டுக்கொண்டு போனதும் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. 'ஆதி மனிதன் நெருப்பைக் கண்டான்' என்று சொன்னால் 'ஆடி மாதம் செருப்பைக் காணோம்' என்று எழுதியது.

கடைசியில் அம்மாதான் பேனாவை எடுத்தாள்.

அம்மா ஜெபகுமாரிக்கு அறுபத்து மூணு வயசு. பத்தாம் கிளாஸ் ஜெயித்தவள். ஜெயித்த கையோடு முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டியாபீஸில் போய்க் குந்தினவள், முப்பது வருஷம் எழும்பவில்லை. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். ஆனால் அந்த விரலிலிருந்து வருகிற எழுத்தைப் பார்க்கணும். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் விரல் முட்டியில் தட்டித் தட்டிப் பழக்கின எழுத்து. ஒரு சுழி கூடாது, ஒரு சுழி குறையாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷைஜா வந்து முகம் கழுவி, சாயா குடித்து, இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். கண் இங்கிலீஷில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். அம்மா கோடு போட்ட தாளில் எழுதுவாள். பத்து மாசம் இப்படியே போயிற்று.

அம்மா வாயை மூடிக்கொண்டு எழுதுகிற ஆளில்லை. பேனாவை நிறுத்தி நிறுத்திக் கேட்பாள்.

"மக்கா, அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் நாட்டுலயும் பத்துப் பெத்தா நாலுதான் தங்குமா?"

"ஆமா. எழுது."

"எங்க அம்மைக்கும் ஒம்பதுல நாலுதான். அப்ப நம்ம வீட்டப் பத்தியும் இவரு எழுதியிருக்காருன்னு சொல்லு."

"அம்மா, நீ எழுதுதியா, இல்ல கத பேசப் போறியா?"

ஷைஜாவுக்கு அப்படி எரிந்து விழுந்தே பழக்கம். அம்மாவுக்கு அதை வாங்கிக்கொண்டே பழக்கம். அதனால் ரெண்டு பேருக்கும் அதில் ஒன்றும் தோன்றாது.

குடிநீர் அத்தியாயம் வந்த அன்று ஷைஜாவுக்குக் காய்ச்சல். கல்லூரியில், மூணு மாசத்துக்கு முந்தி வந்து சேர்ந்த ஒரு பெண்ணுக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த எரிச்சல் வேறு. காலரா, கிணறு, குழாய், மருத்துவர் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அங்கேதான் அந்தச் சனியன் வந்து நுழைந்தது.

நம்ம குமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். கிணற்றில் வெள்ளம் கோருவோம், வெள்ளம் குடிப்போம், சோற்றுக்கு வெள்ளம் வைப்போம். நாகர்கோவில் தாண்டிவிட்டால் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். புத்தகத் தமிழிலும் அதே அர்த்தம்தான். இது ஷைஜாவுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். மற்ற அத்தியாயங்களில் நீர், தண்ணீர் என்று ஒழுங்காகத்தான் சொன்னாள். அன்றைக்குக் காய்ச்சலில் நாக்கு அதன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டது.

அம்மா பேனாவை நிறுத்தினாள். "மக்கா, இஞ்ச வெள்ளம்னா எழுதணும், தண்ணீருன்னா? புக்குக்குத் தண்ணீருன்னாதானே கொள்ளாம்?"

"நீ எனக்குத் தமிழ் படிச்சுத் தரண்டாம். நான் சொல்லியத அப்பிடியே எழுது. அண்டியாபீஸ்ல மேஸ்திரி சொன்னா திருப்பிக் கேப்பியா?"

அம்மா திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் பத்தொன்பது வெள்ளம் எழுதினாள்.

அச்சாகி வந்த புரூஃபை ஷைஜா ரெண்டு தடவை வரிவரியாகப் படித்தாள். ஒற்றுப்பிழை பிடித்தாள், வருஷம் மாறிக் கிடந்ததைப் பிடித்தாள். வெள்ளம் மட்டும் கண்ணில் படவே இல்லை. கண்ணுக்கு அது தண்ணீராகவே தெரிந்தது. வைகுண்டராஜன் கிழக்கு ஆள், அகஸ்தீஸ்வரம். அவர் படித்திருந்தால் மாட்டியிருக்கும். ஆனால் தான் போடுகிற புத்தகத்தில் அட்டைக்கு உள்ளே போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

முன்னுரையின் கடைசியில் ஷைஜா ஒரு வரி போட்டிருந்தாள். 'இந்நூலின் கையெழுத்துப் படி முழுவதையும் எழுதியவர் என் தாயார் ஜெபகுமாரி.' புத்தகம் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பக்கத்தைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினாள். சபையில் பெண்கள் சங்கச் செயலாளராக இருக்கிற ஜெஸ்பினுக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினாள். "அக்கா, நீங்க எழுத்தாளரு ஆயிட்டியளே" என்றாள் ஜெஸ்பின். அம்மாவுக்கு வெட்கம் வந்து போனை வைத்துவிட்டாள்.

நாகர்கோவிலில் ஒரு சனிக்கிழமை மூணு மணிக்கு வெளியீட்டு விழா. அதற்கு நாலு நாள் முன்னே வைகுண்டராஜன் ஷைஜாவைக் கூப்பிட்டு விட்டார்.

"இங்க பாரும்மா, ரெண்டாம் பாகம் யாருக்குன்னு மேடையில வச்சே சொல்லிருவேன். பேராசிரியர் ராஜகுமார் வாராரு. அவரு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா உனக்குத்தான். அவரு மூஞ்சியச் சுளிச்சா நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது."

ராஜகுமார் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றால் கூட்டம் வரும். மேடையில் ஒருத்தரை உரித்து உப்புத் தடவுகிறதில் அப்படி ஒரு கெட்டிக்காரர். சிரிக்கச் சிரிக்கச் செய்வார். உரிபடுகிறவனும் கூடச் சேர்ந்து சிரித்தாகணும். சிரிக்காவிட்டால் அவன் சின்னப் புத்திக்காரன் ஆகிவிடுவான்.

ஜெபகுமாரி அன்று கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஜெஸ்பினும் சங்கத்திலிருந்து இன்னும் ரெண்டு பெண்களும் கூட வந்தார்கள். நாலு பேரும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். ஜெஸ்பின் போனைத் தூக்கிப் பிடித்து ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்தாள். ஷைஜாவுக்கு அவர்கள் ரெண்டு வரிசை பின்னால் இருந்திருந்தால் தேவலை என்று பட்டது.

பேராசிரியர் முதலில் புகழ்ந்தார். உழைப்பு என்றார், துணிச்சல் என்றார், குமரி மண்ணிலிருந்து இப்படி ஒரு நூல் என்றார். ஷைஜாவுக்கு நெஞ்சு விம்மியது. வைகுண்டராஜன் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நூத்தி எண்பத்தி ரெண்டாம் பக்கத்துக்கு வருவோம்" என்று பேராசிரியர் கண்ணாடியை மாட்டினார். வாசித்தார்: "'அந்த நூற்றாண்டின் இறுதியில் நகரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது. மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்.'"

கூட்டம் ஒரு நொடி முழித்தது. பிறகு கொல்லென்று சிரித்தது.

"இருங்க, இருங்க, இன்னும் இருக்கு. 'வெள்ளம் வராத தெருக்களில் வசித்தவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டனர்.' எங்க தெருவுக்கும் வெள்ளம் விடுங்கன்னு மனு குடுத்திருக்கான் பாருங்க. 'தாய்மார்கள் கைக்குழந்தைகளுக்கு வெள்ளத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தனர்.'" வாசித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். "புத்தகம் இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு நேரா வரல. வாற வழியில அருமனையில எறங்கி, கடையில ஒரு சாயா குடிச்சிட்டு வந்திருக்கு."

ஆட்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் வரிசையில் அந்த நாலு பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. தலையில் குடம் சுமந்த பெண்பிள்ளைகளுக்கு அந்த வரியில் சிரிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் யார்தான் அழமாட்டார்கள்? பிறகு ஜெபகுமாரிக்கு மட்டும் மெல்லப் பிடிபட்டது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஷைஜாவுக்குப் பக்கத்தில் வைகுண்டராஜன் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தார்; அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரெண்டாம் பாகம் கண் முன்னாலேயே வேறு யாருக்கோ நடந்து போய்க்கொண்டிருந்தது. இனி ஜூன் மாசம், விண்ணப்பம், மற்றும் பலர்.

ஏற்புரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். 'எனக்கு அன்று காய்ச்சல், பிழை என்னுடையது' என்று சொன்னால் முடிந்தது விஷயம். பெரிய மனசு என்று ரெண்டு பேர் கை தட்டக்கூடச் செய்திருப்பார்கள். மைக்குக்கு நடந்து போகிற வரைக்கும் அதைத்தான் சொல்ல நினைத்தாள்.

"பேராசிரியர் அவர்கள் சுட்டிக்காட்டியது மிகச் சரி" என்று ஆரம்பித்தாள். சுத்தமான புத்தகத் தமிழ், ஒரு சுருதி விலகவில்லை. "ஆனால் அந்தப் பிழை என்னுடையதல்ல. என் கை முறிந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதியவர் வேறொருவர். முன்னுரையிலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். நான் தண்ணீர் என்றுதான் சொன்னேன். எழுதியவர் பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர். தமக்குப் பழகிய சொல்லை எழுதிவிட்டார். நான் கவனித்திருக்க வேண்டும்."

அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. எழுதியவர் என்றாள். நன்றி சொல்லப் போட்ட வரியைத் தூக்கிக் கயிறாகத் திரித்து அந்தக் கழுத்திலேயே மாட்டினாள், பாவி.

பேராசிரியர் முன்னுரையைப் புரட்டினார். "அட, தாயாரா? அம்மா வந்திருக்காங்களா?"

ஜெஸ்பினுக்கு என்ன தெரியும்? ஏதோ கௌரவிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, ஜெபகுமாரியின் முழங்கையைப் பிடித்து எழுப்பி விட்டாள். யாரோ ஒரு மைக்கைக் கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

"நீங்கதானாம்மா ஊரு பூரா வெள்ளத்தத் தொறந்து விட்டது?"

சிரிப்பு. ஜெபகுமாரி மகளைப் பார்த்தாள். மகள் மேஜை மேலிருந்த பூச்செண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூச்செண்டில் அப்படி என்ன இருந்ததோ.

"ஆமா சாரே" என்றாள் ஜெபகுமாரி. மைக்கை வாய்க்கு ரொம்பக் கிட்டே பிடித்திருந்ததால் மூச்சும் சேர்ந்து கேட்டது. "பிள்ள தண்ணீருன்னுதான் சொன்னா. எனக்கு வெவரம் பத்தாது. நாந்தான் பிழையா எழுதிட்டேன்."

"பரவால்லம்மா, விடுங்க. மனுஷகுலம் முழுசா முன்னேற இன்னும் கொஞ்சம் நாளாகும்லா."

அன்றைக்கு அந்த ஹாலில் விழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். ஜெபகுமாரியும் மரியாதைக்குச் சிரித்தாள். உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். யாரும் சொல்லவில்லை. ஜெஸ்பின் சேலையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஷைஜாவுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. பேராசிரியர் அவள் பக்கம் சாய்ந்து, "மத்தபடி நடை நல்ல நடைம்மா" என்றார். வைகுண்டராஜன் போனைப் பையில் போட்டுவிட்டு எழும்பினார்.

"முதல் பாகம் மனுஷன் ஒடம்பு முன்னேறின கத. ரெண்டாம் பாகம் மனசு முன்னேறின கத. அடிமைத்தனம் ஒழிஞ்சது, கொடும கொறஞ்சது, எரக்கம் வளந்தது, எல்லாம் அதுல வருது. அதையும் ஷைஜாவே செய்வாங்க. எழுதுகதுக்கு இந்தத் தடவ நல்ல ஆளா நானே ஏற்பாடு பண்ணித் தாறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெபகுமாரியும் தட்டினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே சீட்டில் இருந்தார்கள். தக்கலை தாண்டினதும் அம்மா கேட்டாள்.

"ரெண்டாம் பாகம் கிட்டிச்சில்லியா மக்கா?"

"கிட்டிச்சு."

"அது போரும்."

ஷைஜாவுக்குத் திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருக்கும். இந்தப் 'போரும்' பொறுக்கவில்லை. "நீ எதுக்கு எழும்பி நின்ன?" என்று பாய்ந்தாள். "சும்மா இருந்திருந்தா நீதான்னு ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. உனக்கு எல்லாத்துலயும் முன்னால போய் நிக்கணும்." அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காற்றுக்குக் கண்ணில் நீர் வருகிறது என்று சொல்லி ஷட்டரை இறக்கச் சொன்னாள்.

ஜெஸ்பின் நல்ல மனசோடுதான் அந்த வீடியோவை சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். அக்கா மைக்கில் பேசுகிறாளே என்று. அங்கிருந்து அது எங்கெல்லாமோ போயிற்று. வியாழக்கிழமை மீன்காரன்கூட வாசலில் நின்று, "வெள்ளம் வந்துச்சா பாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுவாரம் மாசத்தின் முதல் ஞாயிறு. சபைக் கோயில் வாசலில் ஜெஸ்பின் ஜெபகுமாரியை ஓரமாகக் கூப்பிட்டாள். பெண்கள் சங்கத்து அறிக்கையை இருபத்திரண்டு வருஷமாக எழுதி வாசிக்கிறவள் ஜெபகுமாரிதான். அண்டியாபீஸில் இருந்த காலத்திலும் அதற்கு மட்டும் ஒரு மாசம் தவறியதில்லை.

"அக்கா, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. அந்த நோட்ட இனி நம்ம சங்கத்துல புதுசா சேந்த பிள்ள அஞ்சுகிட்ட குடுத்துருங்க. அவ எம்.ஏ. படிச்சவளாக்கும். இந்த வருஷம் ரிப்போர்ட் அச்சில போவுது பாத்துக்கிடுங்க. பிழை வந்தா சங்கத்துக்குத்தான் கொறச்சில்."

ஷைஜா பக்கத்தில்தான் நின்றாள். அம்மாவுக்குப் பிழை வராது என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் ஜெஸ்பினிடம் சொன்னது சங்கத்துக்குப் போகும், சங்கத்திலிருந்து வடசேரிக்குப் போக ஒரு நாள் ஆகாது. ரெண்டாம் பாகத்துக்கு எழுதுகிற ஆளை ஏற்பாடு பண்ணிவிட்டு, வைகுண்டராஜன் அவளைத் திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார். அம்மா பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து, அட்டையைத் தலைப்பால் துடைத்து, ஜெஸ்பின் கையில் கொடுத்தாள். "மணியடிச்சிட்டான், உள்ள போவோம்" என்றாள் ஷைஜா.

அன்று திருவிருந்து. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்பது சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதகர் பாவ அறிக்கை ஜெபம் சொல்ல, சபை கூடவே சொல்லியது. பிறகு வரிசை வரிசையாக எழும்பி, அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னால் ஆல்டருக்குப் போனார்கள். இவர்கள் வரிசை வந்தது. மற்றவர்கள் எழும்பினார்கள். அம்மா எழும்பவில்லை, ஷைஜா கடந்து போக முழங்காலை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"வரல்லியா?"

"அத்தன பேருக்கு முன்ன நின்னு பொய் சொல்லிட்டேன் மக்கா. இத வச்சிட்டு நான் எப்பிடி வாங்க?"

பக்கத்து வரிசையில் ரெண்டு தலை திரும்பியது. ஜெபகுமாரி திருவிருந்துக்கு எழும்பாமல் இருந்ததை அந்தச் சபை இதுவரை பார்த்ததில்லை.

அம்மா குரலை இன்னும் தாழ்த்தினாள். "நீ போ. ரெண்டு பேரும் இருந்தா ஆளுக என்னான்னு கேக்கும். எனக்கு மேலுக்கு சுகமில்லன்னு சொல்லிக்க."

ஷைஜா போனாள். மற்றவர்களோடு வரிசையாக மண்டியிட்டாள். போதகர் ஒவ்வொருவராக வந்தார். "அம்மைக்கு என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சுகமில்ல ஐயா" என்றாள் ஷைஜா. ரெண்டு கையையும் நீட்டி அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.